வெயிலும் நிழலும் ஒரே படத்தில்

நண்பகலில் மார்டள்ளி வீடொன்றின் உள்ளே நின்று, திறந்த கதவின் வழியே வெளியே நோக்குவோருக்கு, அருகிலுள்ள கரி படிந்த சுவரும் தெரிகிறது. வெயிலில் காயும் கேழ்வரகும் அதற்கப்பால் மலைச்சரிவும் தெரிகின்றன. அதே இடத்தில் காமிராவை வைத்துப் படமெடுத்தாலோ, ஒன்று சுவர் கரும்பாழாகிறது. அன்றேல் மலை வெளிறி மறைகிறது.

இதன் காரணம் எளிது. உச்சி வெயிலின் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். வீட்டின் உட்புறத்தில் 100 லக்ஸ் இருந்தாலே அதிகம். வேறுபாடு ஆயிரம் மடங்கு. நமது கண் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் திரும்புகையில் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. காமிராவோ முழுக் காட்சிக்கும் ஒரே அளவு நேரந்தான் ஒளியை ஏற்கிறது. அச்சிட்ட காகிதத்தின் வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய நூறு மடங்கே என்பதையும் இங்குக் கருத வேண்டும்.

இவ்விடர் பழமையானது. பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1850-களிலேயே கடலுக்கு ஒன்றும் வானத்திற்கு ஒன்றுமாக இரு நெகடிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். கணிப்பொறியில் இதனைச் செய்யும் முறையைத் தெளிவுற வகுத்தவர்களுள், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஜிதேந்திர மாலிக் ஒருவர். அவரும் பால் டெபெவெக்கும் 1997-இல் வெளியிட்ட கட்டுரையில், தேவாலயம் ஒன்றின் உட்புறத்தை 30 வினாடி முதல் 1/1000 வினாடி வரை, ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, 16 படங்களாக எடுத்துக் காட்டினர். வண்ணக் கண்ணாடிச் சாளரமும் இருண்ட மூலையும் ஒருங்கே பதிவாயின.

கணக்கு இதுதான். ஒவ்வொரு படத்திலும் ஒரு புள்ளி பெற்ற ஒளியின் அளவை, ஒளிபட்ட நேரத்தால் வகுத்தால், அவ்விடத்தின் ஒப்பொளி கிடைக்கிறது. முற்றும் வெளிறிய புள்ளிகளும் முற்றும் கருத்த புள்ளிகளும் நம்பத்தக்கன அல்ல. ஆதலின் மென்பொருள் அவற்றை ஒதுக்கி, இடைப்பட்டவற்றையே பெரிதும் எடுத்துக்கொள்கிறது. இவ்வாறு கிடைக்கும் பரந்த வீச்சைத் திரையிலோ காகிதத்திலோ அடங்குமாறு பின்னர்ச் சுருக்குகிறது. முதற்பகுதி அளவீடு, இரண்டாவது, சுருக்குவோரின் விருப்பத்தைப் பொறுத்தது. சுருக்கம் மிகையானால் மரத்தின் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். மலை வர்ணச் சித்திரம்போல் ஆகிவிடும். விழா அழைப்பிதழுக்கு அது பொருந்தலாம், ஆய்வேட்டிற்குப் பொருந்தாது.

எடுக்கும் முறை பெரிதன்று. காமிராவை முக்காலியில் இருத்துக. துவாரம், ஐ.எஸ்.ஓ., குவியம், வெண்மைச் சமநிலை ஆகியவற்றை மாற்றாது, நேரத்தை மட்டும் நான்கு மடங்காக உயர்த்துக: 1/400, 1/100, 1/25, 1/6 வினாடி. ஒவ்வொரு படமும் தன்னளவில் ஓரளவு வீச்சைத் தாங்குமாதலால், பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு படங்கள் போதும். மூலப்பதிவாகச் சேமிக்கக்கூடிய காமிராவாயின் அவ்வாறே சேமித்தல் நன்று. பின்னர் லுமினன்ஸ் எச்.டி.ஆர்., ஹூகின் போன்ற கட்டணமில்லா மென்பொருள்களில் இவற்றை இணைக்கலாம்.

கள ஊழியர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது மற்றொன்று. இன்றைய கைப்பேசிகள் பலவும், நம்மைக் கேளாமலே சில படங்களை எடுத்து இணைத்துவிடுகின்றன. காட்சியில் அசைவன இருப்பின் இணைப்பில் பிழை நேரலாம்: காற்றிலாடும் இலை மங்கும்; நடந்து செல்லும் ஆடு இரு உருவாய்த் தோன்றும். காட்டோரத்து வயலில் யானை மிதித்த பயிரைப் பதிவுசெய்யும்போது, இணைத்த படத்தை மட்டும் அனுப்பினால், அது திருத்தப்பட்டதென்ற ஐயம் எழ இடமுண்டு. உழவர் பெறவேண்டிய இழப்பீடே அதனால் தாமதமாகலாம். இணைப்பை நிறுத்தும் வசதி கருவியில் இருந்தால், சான்றுப் படங்களுக்கு அதனை நிறுத்திவிடுக. இலையின் நிறத்தைக் கொண்டு நோயை ஒப்பிடுவதற்கும் சுருக்கிய படம் ஏற்றதன்று. சென்ற வாரத்துப் பச்சையும் இந்த வாரத்துப் பச்சையும் ஒரே அளவுகோலில் இரா.

இணைத்தே தீரவேண்டிய இடங்களில், மூலப் படங்கள் அனைத்தையும் அழிக்காது வைத்து, ஒவ்வொன்றின் ஒளிபட்ட நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதுக. இணைத்த படத்தின் அடியில் 'பல படங்களின் இணைப்பு' என்று குறிப்பிடுக.

பள்ளி ஆசிரியர்கள் வகுப்பறைச் சாளரத்தையே எடுத்துக்கொள்ளலாம். மூன்று படங்களில் எதில் வெளிமரம் தெரிகிறது, எதில் கரும்பலகை எழுத்து தெரிகிறது என்று மாணவரே பட்டியலிடட்டும். அதன் பின்னரே இணைத்துக் காட்டுக. மேகம் மூடிய நாளில் இச்சோதனை வேண்டா. அன்று வெளியொளி வெகுவாகக் குறைந்துவிடுவதால், பெரும்பாலும் ஒரே படத்திலேயே இரண்டும் தெரிந்துவிடும்.