பட்டறிவும் பரந்த நோக்கும்

பட்டறிவே சிறந்த ஆசான் என்பர். ஆயினும், பட்டவர் அனைவரும் அறிந்தவராவதில்லை. ஒரே தவறான முடிவை வாழ்வில் இருமுறை, மும்முறை எடுத்து அல்லலுறுவோரை நாம் காண்கின்றோம். கற்றறிந்தோரும் இதற்கு விலக்கல்லர். இதற்குக் காரணம் யாது?

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது" என்பது நம்மவர் பழமொழி. பூனை ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது உண்மையே. ஆனால் தணல் உள்ள அடுப்பிற்கும் ஆறிக் கிடக்கும் அடுப்பிற்கும் உள்ள வேறுபாட்டை அது கற்கவில்லை. முற்றத்தில் இறக்கி வைத்த கொதிநீர்ப் பானையைப் பற்றியும் அது ஒன்றும் அறியாது. துன்பம் எங்கே நேர்ந்தது என்பதை மட்டும் நினைவிற் கொண்டு, ஏன் நேர்ந்தது என்று ஆராயாது விடுவதே குறுகிய நோக்கு. அந்தக் காரணத்தைத் தேடிச் செல்வதே பரந்த நோக்கு. இவ்விரண்டிற்கும் எடுத்துக்காட்டுத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் கொலோன் நகரும் அதன் அயலுமே போதிய சான்று தருகின்றன.

றைன் நதி தந்த பாடம்

1993ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் றைன் நதி பெருக்கெடுத்தது. கொலோன் நீர்மட்ட அளவுகோலில் நீர் 10.63 மீற்றர் வரை உயர்ந்தது. பழைய நகர்ப்பகுதியின் தெருக்கள் நீரில் மூழ்கின. நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் இது என்றே பலரும் பேசிக்கொண்டனர். அவ்வாறாயின் இனி நூறாண்டுகள் கவலையின்றி இருக்கலாம் அன்றோ? ஆனால் பதின்மூன்று மாதங்களே கழிந்தன. 1995ஆம் ஆண்டு சனவரி இறுதியில் நதி மீண்டும் பெருகி 10.69 மீற்றரைத் தொட்டது.

இரண்டாவது வெள்ளம் முன்னதிலும் ஆறு சென்ரிமீற்றர் உயரமானது. எனினும் கொலோனில் ஏற்பட்ட பொருளிழப்பு முதல் வெள்ளத்தின் இழப்பில் ஏறத்தாழப் பாதியே. மக்கள் நிலக்கீழ் அறைகளில் இருந்த பொருட்களை உரிய நேரத்தில் மேலே கொண்டு சென்றனர், எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தினர். இது முதற்படிக் கற்றல்.

நகரசபை இதனோடு நின்றுவிடவில்லை. 1996இல் வெள்ளப் பாதுகாப்புக்கென ஒரு விரிவான திட்டத்தை ஏற்றுக்கொண்டது. "சுவரை எவ்வளவு உயர்த்தலாம்?" என்று மட்டும் கேட்டிருந்தால் அது பூனையின் பாடமாகவே முடிந்திருக்கும். நாம் தடுக்கும் நீர் வேறெங்கே செல்லும்? கழிவுநீர்க் குழாய்களின் வழியே அது நகருக்குள் புகாதா? நதிக்கு முன்பு இருந்த வெளியை நாம் பறித்துக்கொண்டோமா? இத்தகைய வினாக்களும் எழுந்தன. அதன் பயனாக, வேண்டும்போது பொருத்தவும் பின்னர் கழற்றவும் கூடிய தடுப்புச் சுவர்கள் அமைந்தன. வெள்ளநீரைத் தேக்கி வைக்கவும் இடம் ஒதுக்கப்பட்டது. நகரின் தென்புறத்தில் போர்ஸ்-லாங்கெல் பகுதியில் 2009இல் நிறைவுற்ற நீர்தேக்கும் வெளி அவற்றுள் ஒன்றாகும். ஆற்றை எதிர்ப்பது எவ்வாறு என்ற வினா, ஆற்றோடு வாழ்வது எவ்வாறு என்று விரிந்தது. இது இரண்டாம்படிக் கற்றல்.

ஆர் பள்ளத்தாக்கின் மறதி

கொலோனுக்குத் தெற்கே, றைன் நதியில் வந்து கலக்கும் 'ஆர்' என்னும் சிற்றாறு ஒன்றுண்டு. 2021ஆம் ஆண்டு யூலை 14ஆம் திகதி இரவு அது பேராறாய் மாறியது. அந்தப் பள்ளத்தாக்கில் 130 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

எவரும் கண்டிராத வெள்ளம் என்று அப்போது கூறப்பட்டது. உயிரோடிருந்தவர்கள் கண்டதில்லை என்பது சரியே. ஆனால் அதே ஆறு 1804ஆம் ஆண்டு யூலையில் பெருகி 63 பேரைக் கொன்றது. 1910ஆம் ஆண்டு யூனில் மீண்டும் பெருகிப் பலரைப் பலிகொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் புகையிரதப் பாதை அமைக்க வந்திருந்த தொழிலாளர்கள். வெள்ள அபாயத்தைக் கணக்கிட்டபோதோ, 1947இற்குப் பிற்பட்ட அளவீடுகளே அடிப்படையாகக் கொள்ளப்பட்டன. அந்த அளவீடுகளுள் மிகப் பெரியது 2016இல் வந்த 3.71 மீற்றர் வெள்ளம். அதையே பலரும் தம் மனத்தில் எல்லையாக வைத்திருந்தனர். பழைய வெள்ளங்கள் ஏடுகளில் இருந்தன, கணக்கில் இல்லை.

அம்மக்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். தம் வாழ்நாளில் கண்டதே உலகம் என எண்ணுவது மனித இயல்பு. அந்த இயல்பு நம்மிடமும் உண்டு.

நம் இல்லங்களில்

தாயகத்தில் நம் தலைமுறை கற்ற காலத்தை எண்ணிப் பாருங்கள். 1970களில் வந்த தரப்படுத்தலின் பின்னர், பல்கலைக்கழக வாசல் யாழ்ப்பாண மாணவருக்கு ஊசித்துளை போல் ஒடுங்கிற்று. ஓரிரு புள்ளிகளில் ஒரு பிள்ளையின் எதிர்காலமே மாறிப்போனது. மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டில் ஒன்று கிடைத்தால் உயர்வு. தவறினால் வாழ்வே தவறியது என்ற எண்ணம் நம் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அந்த மண்ணில், அந்தக் காலத்தில், அதற்குக் காரணம் இருந்தது.

அந்தப் பாடத்தை அப்படியே இங்கு கொண்டுவரும்போதுதான் சிக்கல் எழுகின்றது. ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். மூத்த மகனின் நாட்டம் கைத்தொழிலில். பெற்றோரின் நாட்டம் மருத்துவத்தில். நான்காம் வகுப்பு முடிந்ததும் ஜிம்னாசியத்தில் சேர்க்கின்றனர். பிள்ளை திணறுகின்றான், தனிப்பாட வகுப்புகள் கூடுகின்றன, முகத்தில் இருந்த மலர்ச்சி குறைகின்றது. இறுதியில் இடைநடுவில் விலகுகின்றான். அடுத்து இளைய மகளின் முறை வருகின்றது. "மூத்தவனுக்கு நல்ல ஆசிரியர் கிடைக்கவில்லை. இவளுக்கு வேறொருவரை வைப்போம்" என்கின்றனர். அவளுக்கு எதில் நாட்டம் என்று எவரும் கேட்கவில்லை. ஆசிரியர் மாறினார், முடிவு மாறவில்லை.

நாம் வாழும் இம்மாநிலத்தில் நான்காம் வகுப்பின் பின் ஆசிரியர்கள் பரிந்துரை வழங்குகின்றனர். எவ்வகைப் பாடசாலை என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கலாம். அந்தத் தீர்மானமும் இறுதித் தீர்ப்பன்று. றியால்சூலவில் பத்தாம் வகுப்பை நல்ல பெறுபேற்றுடன் முடித்தவர் ஜிம்னாசியத்தின் மேல்வகுப்பிற் சேரலாம். கெசாம்ட்சூலவிலும் அபிட்டூர் எழுதலாம். அவுஸ்பில்டுங் முடித்துத் தொழில் பயின்று 'மைஸ்ரர்' தகைமை பெற்றவருக்கும் பல்கலைக்கழகக் கதவு திறந்துள்ளது. மருத்துவராக விரும்பும் பிள்ளை மருத்துவராகட்டும், அது பெருமையே. அங்கே இருந்தது ஒரு வாசல்; இங்கே பல வாசல்கள் உண்டு. முடிவெடுக்குமுன் அவை அனைத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பதே இங்கு வேண்டுவது.

நோக்கை விரிக்கும் நான்கு வினாக்கள்

முடிவெடுக்குமுன் பெற்றோரும் மாணவரும் நான்கு வினாக்களைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்று: இது முன்பும் நிகழ்ந்ததா? நம் நினைவோடு நில்லாமல் மூத்தோரின் நினைவையும் கேட்க வேண்டும். ஆர் பள்ளத்தாக்கு உணர்த்துவது இதனையே.

இரண்டு: இவ்வழியிற் சென்ற பிறர்க்கு என்ன நேர்ந்தது? உளவியல் அறிஞர் டானியல் கானமன் இதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். இஸ்ரவேலில் அவரும் சிலரும் பாடநூல் ஒன்றை எழுதத் தொடங்கினர். ஏறத்தாழ ஈராண்டுகளில் முடியும் என அனைவரும் மதிப்பிட்டனர். இத்தகைய குழுக்கள் முன்பு எவ்வளவு காலம் எடுத்தன என்று குழுவிலிருந்த கல்வியாளரிடம் அவர் வினவினார். பல குழுக்கள் முடிக்கவே இல்லை. முடித்தவையும் ஏழு முதல் பத்து ஆண்டுகள் எடுத்தன என்று விடை வந்தது. அதை அறிந்திருந்தும் அக்கல்வியாளர் தம் குழுவிற்குச் சொன்ன கணக்கும் ஏறத்தாழ ஈராண்டுகளே! நூல் முடிய எட்டு ஆண்டுகள் சென்றன. பிறர் கதை நமக்குப் பொருந்தாது என எண்ணுவது அறிஞரையும் விடுவதில்லை.

மூன்று: வேறு வழிகள் எவை? "செய்வதா, விடுவதா" என்று இரண்டை மட்டும் காண்பவர் பெரும்பாலும் மூன்றாவதைத் தேடவில்லை. வீடு வாங்குவது, கடன் பெறுவது, தொழில் மாறுவது அனைத்திற்கும் இது பொருந்தும்.

நான்கு: இதனாற் பாதிக்கப்படுவோர் யாவர்? அவர்களைக் கேட்டோமா? பிள்ளையின் கல்வியைப் பற்றிய பேச்சிற் பிள்ளையின் குரலும் ஒலிக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். ஆசிரியத் தொழிலில் நான் கண்டதொன்றுண்டு. சிவப்பு மையால் திருத்திய கணக்கைப் பார்த்துச் சரியான விடையை மட்டும் எழுதி வைக்கும் மாணவர் அடுத்த தேர்வில் அதே இடத்தில் மீண்டும் தவறுவர். "நான் ஏன் இவ்வாறு எண்ணினேன்?" என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுபவர் பெரும்பாலும் தவறுவதில்லை. உங்கள் முக்கியமான முடிவுகளுக்கும் ஒரு கொப்பி வைத்திருங்கள். எடுத்த முடிவு, எடுத்த காரணம், எதிர்பார்த்த பயன் ஆகியவற்றைத் திகதியிட்டு எழுதுங்கள். ஓராண்டின் பின் அதனைத் திறந்து பாருங்கள். மனம் தனக்கேற்றவாறு கதையை மாற்றிச் சொல்லும். எழுத்து மாற்றிச் சொல்லாது.

திருவள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அழிவதையும் ஆவதையும் எண்ணிப் பார். தேர்ந்தவரோடு கூடி ஆராய் என்பதே அதன் சாரம். இந்த அறிவைத் தாய்மொழியிற் படிக்கும் வாய்ப்பும், ஜேர்மன் மொழியில் இந்நாட்டவரின் அனுபவத்தை அறியும் வாய்ப்பும் நம் பிள்ளைகளுக்கு ஒருங்கே கிட்டியுள்ளன. இரு மொழி கற்றவர்க்கு இரு சாளரங்கள். இரண்டையும் திறந்து வைத்து நோக்கினால், நாம் இடறிய கல்லில் அவர்கள் இடறாமல் நடப்பார்கள். அதுவே நாம் அவர்களுக்கு விட்டுச் செல்லும் பெருஞ்செல்வம்.