‘டக்’கென்று நின்றுவிடும் ஜெனரேட்டர்

அமெரிக்க மோட்டார் ஹோம்களில் பேட்டரிகள் இரு பிரிவாக இருக்கும். ஒன்று வண்டியின் எஞ்சினைக் கிளப்புவதற்கு. மற்றொன்று உள்ளே விளக்கு, தண்ணீர் பம்பு போன்றவற்றுக்கு. ஜெனரேட்டரைக் கிளப்பும் வேலை பெரும்பாலும் இரண்டாவது பிரிவின் தலையில்தான் விழும். பொத்தானை அழுத்தினால் ‘டக்’கென்ற ஓசையோடு நின்றுவிடுகிறது, விளக்குகளோ பளிச்சென்று எரிகின்றன. புது பேட்டரி வாங்கப் புறப்படுமுன் மல்டிமீட்டரை எடுப்பது நல்லது.

முதலில் வெளி மின்சாரத்தின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். மேலோட்டமாக ஏறிய சார்ஜ் அடங்க, விளக்குகளைச் சில நிமிடம் எரியவிட்டு அணைக்கவும். பிறகு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளக்கவும். 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருந்தால், முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6.3 காட்டும், இரண்டும் சேர்ந்து 12.6. ஒன்று 6.3, மற்றொன்று 4.2 என்றால் அதில் ஓர் அறை செத்துவிட்டது. அப்போது கம்பிகளை ஆராய வேண்டியதில்லை.

பேட்டரி நன்றாக இருந்தால் அடுத்தது கம்பி. இங்கே ஓம் அளவீடு உதவாது. 0.02 ஓம் தடையைச் சாதாரண மீட்டர் நம்பும்படி காட்டாது. ஆனால் 100 ஆம்பியர் பாயும்போது அதே தடை 2 வோல்ட்டை விழுங்கிவிடும். ஓரிரு ஆம்பியர் இழுக்கும் விளக்குக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே மின்னோட்டம் பாயும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத்தண்டின் மேலேயே வைக்கவும், கவ்வியின் மேல் அல்ல. கறுப்பு முனையை ஸ்டார்ட்டரின் பாசிட்டிவ் போல்ட்டில் வைக்கவும். இன்னொருவர் மூன்று நொடி பொத்தானை அழுத்தட்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் குறையில்லை. 2 வோல்ட் என்றால், கறுப்பு முனையை இணைப்புக்கு இணைப்பு பேட்டரிப் பக்கமாக நகர்த்திக்கொண்டே வரவும். எண் சட்டென்று விழும் இடத்தில் குற்றவாளி இருக்கிறான்.

பின்னர் நெகட்டிவ் பக்கம்: பேட்டரித் தண்டு முதல் ஜெனரேட்டரின் உடல் வரை. கோளாறு பெரும்பாலும் இங்குதான். சேசிஸில் முடுக்கிய கம்பி முனையின் (லக்) அடியில் பெயின்ட்டோ துருவோ தங்கிவிடும். (கறுப்புக் கம்பி என்றாலே நெகட்டிவ் என்று நம்ப வேண்டாம்: இதே வண்டியின் 120 வோல்ட் வயரிங்கில் கறுப்புதான் உயிர்க்கம்பி.)

சரிசெய்யும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டவும். பச்சைக் களிம்பை ஒரு கப் நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து கழுவி, உலோகம் மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, நட்டை இறுக்கி, வாசலின் பூசவும்.

இப்போது ஜெனரேட்டரைத் திறந்தவெளியில் ஓட்டவும். அதன் புகை உயிர்கொல்லி. வண்டியை ஜெனரேட்டர் மின்சாரத்துக்கு மாற்றும் ரிலே சுமையை ஏற்க அரை நிமிடம் வரை எடுத்துக்கொள்ளக்கூடும். பிறகு பேட்டரி முனைகளில் 13.6 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். 12.6-இலேயே நின்றால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டருக்கு 120 வோல்ட் வருகிறதா என்று பார்க்கவும். வந்தால், அதன் தலைகீழ் இணைப்புக் காப்பு ஃபியூஸ்களைப் பார்க்கவும். பேட்டரி மாற்றும்போது கம்பிகளை ஒரு கணம் மாற்றித் தொட்டாலும் அந்த ஃபியூஸ்கள் எரிந்துவிடும். அதே ஆம்பியர் அளவுள்ள புதியவற்றைச் செருகியதும் எண் ஏறத் தொடங்கும்.