நாளின் முடிவில் ஒரு கணக்கு

கடைத்தெருவில் வாணிபம் செய்பவர் எவரும் அன்றைய வரவு செலவைச் சிட்டாவில் எழுதிப் பார்க்காமல் கடையைச் சாத்துவதில்லை. பள்ளிக்கூடத்திலும் வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்காமல் நாளை முடிப்பதில்லை. பணத்திற்கும் வருகைக்கும் கணக்குப் பார்க்கின்ற நாம், கழிந்துபோன நாளுக்குக் கணக்குப் பார்க்கிறோமா? அதற்கென்றே கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு செபமுறை உண்டு. ஆத்தும சோதனை என்று அதற்குப் பெயர். நாற்பது ஆண்டுகளாக அதைக் கைக்கொண்டு வருபவன் என்ற முறையில், அதன் இயல்பையும் பயனையும் பற்றி நேயர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

நாளின் இறுதியில் தன்னைத் தானே ஆராய்ந்து பார்ப்பது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. இரவில் விளக்கை அகற்றிய பின், அன்று தாம் செய்தவற்றையும் சொன்னவற்றையும் எண்ணிப் பார்ப்பது தம் வழக்கம் என்று ரோமாபுரித் தத்துவ ஞானி செனெக்கா எழுதியிருக்கிறார். நம் வள்ளுவரும் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தில், முதலில் தன் குற்றத்தை நீக்கிக்கொள்ளுமாறு அரசனுக்கு அறிவுறுத்துகிறார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. செனெக்கா தம்மைத் தாமே விசாரிக்கும் நீதிபதியாக அமர்ந்தார். விவிலியத்தின் 139-ஆம் சங்கீதத்தைப் பாடியவரோ, தம்மை ஆராய்ந்து பார்க்கும்படி இறைவனையே அழைக்கிறார். ஆத்தும சோதனை இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது. அது விசாரணையாக இருப்பதினும் மேலாக ஒரு செபமாகவே இருக்கிறது.

இம்முறையை ஒழுங்குபடுத்தித் தந்தவர் அர்ச். இஞ்ஞாசியார். ஸ்பெயின் நாட்டு லொயோலாவில் 1491-இல் பிறந்த அவர், 1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து படுக்கையில் விழுந்தார். பொழுது போக்குவதற்கு வீரர் கதைகள் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் சரிதமும் அடியார் சரிதங்களுமே கிடைத்தன. அவற்றை வாசித்த நாட்களில் அவர் தம் மனத்தில் ஒன்றைக் கவனித்தார். உலகப் புகழைப் பற்றிய கற்பனைகள் அந்த நேரத்தில் இனித்தன. ஆனால் அவை கலைந்தபின் உள்ளம் வறண்டு கிடந்தது. அடியார்களைப் போல வாழவேண்டும் என்ற எண்ணமோ, வந்து சென்ற பின்னும் மகிழ்ச்சியை விட்டுச் சென்றது. ஓர் எண்ணம் வரும்போது எப்படி இருக்கிறது என்பதைவிட, அது எதை விட்டுச் செல்கிறது என்பதே முக்கியம் என்று அவர் கண்டுகொண்டார். ஆத்தும சோதனையின் வித்து இதுவே.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. இஞ்ஞாசியாரின் தோழர் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். அவருக்குப்பின் அங்கே உழைத்த சேசு சபைக் குரு அன்றீக்கு அடிகளார், 1586-இல் அடியார் வரலாறு என்னும் நூலைத் தமிழில் அச்சேற்றினார். லொயோலாவின் நோயாளியை மாற்றிய அதே வகை நூல், அறுபத்தைந்து ஆண்டுகளில் தமிழ் மீனவர் கைக்கும் எட்டியது.

இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகள் என்னும் நூலுக்கு 1548-இல் மூன்றாம் சின்னப்பர் பாப்பரசர் ஒப்புதல் அளித்தார். அதில் ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகள் கூறப்பட்டுள்ளன. முதலாவது, பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி செலுத்துதல். இரண்டாவது, தன் குற்றங்களை அறிந்து விலக்க அருள் வேண்டுதல். மூன்றாவது, விழித்த நேரம் முதல் அந்த நேரம்வரை நினைவு, சொல், செயல் ஆகியவற்றை முறையே ஆராய்தல். நான்காவது, குறைகளுக்கு மன்னிப்புக் கேட்டல். ஐந்தாவது, இறையருளால் திருந்துவேன் என்று உறுதி செய்து, பரலோக மந்திரத்துடன் முடித்தல். இவ்வளவுக்கும் கால் மணி நேரம் போதும்.

ஏதேனும் ஒரு குறிப்பிட்ட குறையை வேரறுக்க விரும்புவோருக்கு அந்நூல் மற்றொரு வழியும் கூறுகிறது. அது ஆசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்தமானது. வாரத்தின் ஏழு நாட்களுக்கும் நாளுக்கு இரண்டாகக் கோடுகள் வரைந்துகொள்ள வேண்டும். காலையில் அந்தக் குறையை விலக்க உறுதி செய்ய வேண்டும். தவறும்போதெல்லாம் நெஞ்சில் கைவைத்து வருந்த வேண்டும். நண்பகல் உணவுக்குப் பின் ஒருமுறையும் இரவு உணவுக்குப் பின் ஒருமுறையும் எண்ணிப் பார்த்து, தவறிய தடவைகளை அந்தந்தக் கோட்டில் புள்ளிகளாக இடவேண்டும். பின்னர் மேற்கோட்டைக் கீழ்க்கோட்டோடும், இன்றையதை நேற்றையதோடும், இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் திருத்த முயல்பவன் ஒன்றையும் திருத்துவதில்லை என்பதை வகுப்பறையில் நின்ற எவரும் அறிவர்.

இனி, இம்முறையிலுள்ள ஆபத்தையும் சொல்லாமல் விடலாகாது. குற்றங்களை எண்ணுகின்ற பழக்கம் இரண்டு திசைகளில் வழி தவறக் கூடும். ஒன்று செருக்கு. லூக்காஸ் சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில் ஆலயத்தில் நின்று செபிக்கும் பரிசேயனும் தன் நாட்களைக் கணக்கிட்டவனே. ஆனால் அவன் கணக்கில் வரவுதான் உண்டு, கடன் இல்லை. மற்றொன்று கலக்கம். மன்ரேசா நகரில் இஞ்ஞாசியாரே இதற்கு இரையானார். அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் தோண்டியெடுத்து வருந்தி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருமளவுக்குத் துன்புற்றார். அந்தக் கலக்கம் தம்மை எங்கே இட்டுச் செல்கிறது என்று பார்த்தபின்னரே, பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்து விடுதலை பெற்றார். அவர் வகுத்த முறையில் நன்றி முதற்படியாக நிற்பதன் பொருள் இதனால் விளங்குகிறது. அன்பு செய்பவரின் முன்னிலையில்தான் மனிதன் தன் குற்றத்தை அஞ்சாமல் பார்க்க முடியும்.

நான் பணியாற்றிய பள்ளியின் விடுதியில் ஒரு மாணவன் இருந்தான். நாள்தோறும் தன் பிழைகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதி, உறக்கம் கெட்டு மெலிந்து போனான். பிழைகளை எழுதுமுன் அன்று பெற்ற நன்மைகள் மூன்றை எழுதி வா என்று அவனிடம் சொன்னேன். மறுநாள் எழுதி வந்தவற்றுள் ஒன்று, விளையாடிவிட்டுத் தாமதமாக வந்தவனுக்குச் சமையற்காரர் கஞ்சியைச் சூடாக எடுத்து வைத்திருந்தார் என்பது. "ஐயா, இதை எழுதும்போதுதான் அவருக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை என்று தெரிந்தது" என்றான். அதுவரை அவன் எழுதிய பக்கங்களில் இந்தக் குறை இடம்பெறவே இல்லை. மறுநாள் காலையில் அவன் செய்யவேண்டியது என்ன என்பதும் அவனுக்குத் தெளிவாயிற்று.

திரும்பிப் பார்ப்பதனால் குற்றம் மட்டும் தெரிவதில்லை, இறைவனும் தெரிகிறார். எம்மாவு ஊருக்குச் சென்ற சீடர் இருவருடன் உயிர்த்த கிறிஸ்து வழிநடந்தார், அவர்கள் அறியவில்லை. அப்பம் பிட்கும்போது அறிந்தபின்னரே, வழியில் தங்கள் நெஞ்சம் கனன்றதை நினைவுகூர்ந்தார்கள். நம் நாட்களும் இத்தகையனவே. நடக்கும்போது தெரியாதது, நின்று திரும்பிப் பார்க்கும்போது தெரிகிறது.

வயது முதிர்ந்த எனக்கு நாட்கள் விரைந்து கழிகின்றன. இளையோருக்கும் அவை நிற்பதில்லை. பார்க்கப்படாமல் கழிகின்ற நாளில் நன்றி சொல்லப்படாத கைகள் உண்டு. ஆற்றப்படாத மனத்தாங்கல்கள் உண்டு. அவற்றை அப்படியே மறுநாளுக்குக் கடத்துவதால் சுமைதான் பெருகும். எனவே நேயர்களே, இன்று இரவு விளக்கை அணைக்குமுன் கால் மணி நேரம் அமைதியாக அமருங்கள். நன்றியிலிருந்து தொடங்குங்கள். பின்னர், நாளை ஒருவருக்குச் சொல்லவேண்டிய ஒரு சொல் உங்கள் நினைவுக்கு வரலாம். அதை மறவாமல் சொல்லிவிடுங்கள்.