ஜாடிக்குள் அடைத்த வலி

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. குடித்துக்கொண்டே கேளுங்கள்.

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. ஒருவருக்கு நீர்க்கடுப்பு, அல்லது சிறுநீரகக் கல். வைத்தியர் கொடுத்தது எதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் அந்தச் சந்தேகம் வரும்: யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள். அதை முறிக்க வீட்டிலேயே செய்துகொண்டதுதான் சூனிய ஜாடி.

ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்த ஜாடிகள் இதற்குத் தோதாக இருந்தன. நம் ஊறுகாய் ஜாடி மாதிரி கெட்டியானவை. கழுத்தில் ஒரு தாடிக்காரர் முகம் இருக்கும். நோயாளியின் சிறுநீரை அதில் ஊற்றி, ஆணியும் குண்டூசியும் போட்டு, வாயை இறுக்கி அடைத்து, அடுப்பங்கரையிலோ வாசற்படிக்கு அடியிலோ புதைத்தார்கள். கதவுக்குத் தாழ் உண்டு, புகைபோக்கிக்கு ஏது? கெட்டது அந்த வழியாகத்தான் இறங்கும் என்று நம்பினார்கள்.

2004-இல் லண்டன் கிரீனிச்சில் ஒரு ஜாடி தலைகீழாகப் புதைந்தபடி கிடைத்தது. குலுக்கினால் உள்ளே சலசலத்தது; அத்தனை காலமாகியும் அடைப்பு விடவில்லை. வேதியியலாளர் ஆலன் மாசி ஆராய்ந்து பார்த்தார். துருப்பிடித்த ஆணிகள், பித்தளை ஊசிகள், தலைமுடி, கந்தகம், வெட்டிய நகத்துண்டுகள். இதய வடிவில் கத்தரித்த ஒரு தோல் துண்டு, அதன் நடுவே பாய்ந்த ஆணி. சிறுநீரில் நிகோட்டின் தடயம். புகையிலை பழக்கமுள்ள ஆள். யாரென்று தெரியாத அவர் எவ்வளவு வலித்திருந்தால் இத்தனையையும் தேடிச் சேர்த்திருப்பார்!

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1671-இல் ஜோசப் பிளாகிரேவ் என்ற சோதிட வைத்தியர் அதை எழுதியே வைத்தார். சூனியம் வைத்தவளையும் நோயாளியையும் ஒரு கண்ணி இணைக்கிறது. அந்த வழியே வலியைத் திருப்பி அனுப்பலாம். ஊசி குத்த அவளுக்கு நீர் இறங்காது. தாங்காமல் வந்து கெஞ்சுவாள், அல்லது வைத்த சூனியத்தை எடுத்துவிடுவாள்.

என்னை உறுத்துவது அந்தக் கெஞ்சல்தான். ஜாடி புதைத்த வீட்டு வாசலுக்கு, அந்த நேரம் பார்த்து ஒரு கிழவி மோர் கேட்டோ நெருப்புக் கேட்டோ வந்து நின்றால்? சூனியத்தால் ஒருவர் உடம்பைக் கெடுத்தாலே தூக்கு என்றது 1604-ஆம் ஆண்டுச் சட்டம். 1736-இல்தான் அது நீங்கியது. அதன் பிறகும் ஜாடி புதைப்பது நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சாதாரணக் கண்ணாடி பாட்டிலிலும் செய்திருக்கிறார்கள்.