ஏறும் வேளையில் உள்ள அபாயம்

பனிக்காலத்து இமயமலையில் ஏறுவோரின் தீரத்தைப் பத்திரிகைகளில் படித்து வியக்கும் நாம், தூத்துக்குடித் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் புறப்படும் தொழிலாளி அதே இயற்கை விதியின் மறுமுனையில் உயிரைப் பணயம் வைக்கிறார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் மூன்றில் ஒரு பங்குதான். மன்னார் வளைகுடாவில் பத்துப் பாகம் ஆழத்திலோ சரீரத்தின் மீதுள்ள அழுத்தம் ஏறத்தாழ மூன்று மடங்கு. இவ்விரு நிலைகளிலும் மனித தேகம் படும் பாட்டை ஒருசேர ஆராய்ந்து, 1878-இல் பெரிய நூலொன்றை வெளியிட்டவர் பால் பெர்ட் என்ற பிரெஞ்சு அறிஞர்.

இக்கரையின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அக்காலத்தில் கல்லின் பாரத்தோடு இறங்கி, ஒரே மூச்சில் மீண்டார்கள். இன்றோ படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் அடியில் தங்க முடிகிறது. அந்த வசதியே ஆபத்தையும் உடன் கொண்டுவந்தது. ஆழத்தில் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேரும் நைட்ரஜன், விரைந்து மேலேறினால், திறந்த சோடாப் புட்டியில் நுரை பொங்குவதுபோல் குமிழிகளாகப் பிரிந்து, மூட்டுவலி, கால் மரத்தல், சிறுநீர் அடைப்பு, மூச்சுத்திணறல், சில வேளை நிரந்தர வாதம் வரை கொண்டுவிடும். கட்டம் கட்டமாக நின்று ஏற வேண்டும் என்ற முறையை ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1908-லேயே வகுத்துக் கொடுத்தார். ஆனால் வடகிழக்குப் பருவத்தில் அலை சீறிப் படகு தத்தளிக்கும்போது நின்று ஏறும் அவகாசம் எவருக்குக் கிடைக்கும்? ஆகையால், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட நாளில் கடலுக்குப் போகாதிருப்பதே முதல் தற்காப்பு. எஞ்சின் புகை கம்ப்ரசருக்குள் இழுக்கப்படாதவாறு காற்று வாயைத் தள்ளி அமைப்பதும் அத்தனை அவசியம்.

மலையில் நோயுற்றவருக்குக் கீழே இறக்குவதே சிகிச்சை. அதை ஒப்ப நினைத்து, வலி வந்தவரை மீண்டும் கடலில் இறக்குவது பெரும்பிழை. வலி சற்றே தணிவதுபோல் தோன்றினாலும், நினைவு தப்பினால் நீருக்கடியில் காப்பவர் இல்லை. அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, சுத்தப் பிராணவாயு கொடுத்து, கடலிலிருந்தால் 1554 எண்ணில் கடலோரக் காவல்படைக்கும், கரையிலிருந்தால் 108-க்கும் சொல்லி, அழுத்த அறைச் சிகிச்சைக்கு வழிகேட்க வேண்டும். நலமாக இருப்பவரும் குளித்த நாளிலேயே கொடைக்கானலுக்குப் பஸ் ஏறலாகாது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அழுத்தம் குறைந்து, அடங்கியிருந்த குமிழிகள் எழக்கூடும். ஒரு முழு நாளேனும் பொறுப்பது உத்தமம்.

இவ்வளவும் கூலிக்காகச் செய்யும் தொழிலில் நேர்வது. விதியென்று வீட்டிலே முடங்கிக் கிடக்கவேண்டிய நோயன்று. தமிழ்நாடு மீனவர் நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா என்று ஆரோக்கியமாக உள்ளபோதே பார்த்துக்கொள்ள வேண்டும். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் சேர்ந்தவருக்கு, மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாயும், பகுதி நிரந்தர ஊனத்துக்கு இரண்டரை லட்சமும், மருத்துவமனைச் செலவுக்கு 25 ஆயிரமும் வகுக்கப்பட்டுள்ளன. விபத்தா, வியாதியா என்ற தர்க்கம் பின்னால் எழாதிருக்க, எத்தனை பாகம் ஆழத்தில், எவ்வளவு நேரம் குளித்து, எப்போது வலி கண்டது என்பதை வைத்தியரிடம் சொல்லி, மருத்துவச் சீட்டில் எழுதச் செய்து, அதன் நகலை வீட்டில் வைத்திருங்கள். உரிமை மறுக்கப்பட்டால், தகுதியுள்ள ஏழைகளுக்குக் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். தொலைபேசி எண் 15100.