பின்கண்ணாடியில் ஏன் அவ்வளவு புழுதி?

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்திலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர்கள் ஏறும் நெடுஞ்சாலையில், டீக்கடை ஓரம் நிற்கும் கார்களைப் பின்பக்கமாகச் சுற்றிவந்து பாருங்கள். டிக்கி தனியாக நீண்டிருக்கும் செடான் கார்களின் பின்கண்ணாடி ஓரளவு சுத்தமாக இருக்கும். பின்புறம் வெட்டிவிட்டாற்போல் முடியும் சின்ன கார்களின் கண்ணாடியிலோ விரலால் பெயர் எழுதலாம், அத்தனை புழுதி. அதற்காகத்தான் அவற்றில் பலவற்றுக்குப் பின்னாலும் ஒரு வைப்பர். கார் முன்னோக்கித்தானே ஓடுகிறது, புழுதி எப்படி முதுகில் வந்து ஒட்டுகிறது?

கூரையை ஒட்டி வழுக்கிக்கொண்டு வரும் காற்று, கூரை முடியும் விளிம்பில் சட்டென்று கீழே திரும்ப முடியாமல் பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. காருக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து, காற்று சுழன்றபடியே காரோடு கூட வருகிறது. சக்கரம் கிளப்பும் தூசியை உள்ளே இழுத்துக் கண்ணாடியில் அறைவது அந்தச் சுழல்தான். முன்னால் காற்று அழுத்துகிறது, பின்னால் பதிலுக்குத் தாங்குவதற்குப் போதிய அழுத்தம் இல்லை. இந்த வித்தியாசமே காரைப் பின்னோக்கி இழுக்கிறது. உடலெங்கும் காற்று உரசுவதால் வரும் தடை காரைப் பொறுத்தவரை சிறிய பங்குதான். முகத்தைக் கூராக்கினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். தொல்லை அதிகம் இருப்பது வாலில்.

இதைக் கண்ணால் பார்க்கக் காற்றுச் சுரங்கம் வேண்டாம், நூல் போதும். தறி ஓடும் ஊரில் அதற்கா பஞ்சம்? பட்டை வீணாக்க வேண்டாம், பருத்தியோ கம்பளியோ நல்லது. விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை மட்டும் டேப்பால் ஒட்டிக் காரெங்கும் வரிசையாகப் பரப்புங்கள். கூட்டமில்லாத சாலையில் இன்னொரு கார் பக்கத்தில் வர, அதில் உட்கார்ந்திருப்பவர் செல்போனில் படம் பிடிக்கட்டும். பானெட்டிலும் கூரையிலும் நூல்கள் படிந்து கிடக்கும். அங்கே காற்று உடலை விட்டுப் பிரியவில்லை என்று பொருள். முன்கண்ணாடியின் அடியில் கொஞ்சம் தள்ளாடும். பக்கக் கண்ணாடிகளுக்குப் பின்னாலும் முன்சக்கர வளைவை ஒட்டியும் படபடக்கும். பின்கண்ணாடிக்கு வந்தால் ஒழுங்கே இருக்காது. சில நூல்கள் மேலே நிமிரும், சில பக்கவாட்டில் சுழலும். விமானக்காரர்களும் நெடுங்காலமாகச் செய்துவரும் சோதனைதான் இது.

வாலின் அருமையை முதலில் உணர்ந்தவர்களும் விமானம் செய்தவர்களே. அவர்களில் ஒருவரான எட்மண்ட் ரம்ப்ளர் 1921-இல் பெர்லின் கண்காட்சியில் வைத்த காரை மேலிருந்து பார்த்தால் நீர்த்துளி வடிவம். அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1979-இல், அதைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி அளந்தபோது இழுவைக் குணகம் (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு, குறைந்தால் நல்லது) 0.28 என்று வந்தது. இன்றைய சின்ன கார்கள் பலவற்றால் எட்ட முடியாத எண். ஆனால் அப்படிப்பட்ட வாலுக்கு நீளம் வேண்டும். காற்று பிரியாமல் தொடர வேண்டுமானால் கூரை மெல்லத்தான் இறங்கலாம், பத்துப் பதினைந்து பாகைக்குள். 1984-இல் எஸ். ஆர். அகமதும் கூட்டாளிகளும் ஓர் எளிய மாதிரிப் பெட்டியை வைத்துச் செய்த சோதனையில், பின்சரிவு 30 பாகையை நெருங்கும்போது இழுவை உச்சத்துக்குப் போனது. அதையும் தாண்டிச் செங்குத்தாக்கினால் சற்றுக் குறைகிறது! அரைகுறைச் சரிவைவிட மொட்டையாக வெட்டுவதே மேல் என்பது அழகு பார்க்கும் வடிவமைப்பாளர்களுக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி.

நம் நாட்டில் வாலை வெட்டியதில் வரிக்கும் பங்குண்டு. 2006 பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய இன்ஜின் கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. அன்றுமுதல் நான்கு மீட்டர் ஒரு லட்சுமணக் கோடு. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி திருத்தப்பட்டபோதும் கோடு அழியவில்லை. நீளம் கிடைக்காததால் உயரத்தில் இடம் தேடினார்கள். இதே நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் பிறந்த சான்ட்ரோவின் பெயரே ‘டால் பாய்’ என்றானது. காற்றைக் கேட்டால் திட்டும். ஆனால் வேட்டியோ பட்டுப்புடவையோ கட்டிய பெரியவர்கள் குனியாமல் ஏறி நிமிர்ந்து உட்கார முடிந்ததே! அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆகவே மிச்சம் பிடிப்பது ஓரங்களில்தான். கூரை முடிவில் நீட்டியிருக்கும் சிறு ஸ்பாய்லர் காற்று பிரியும் இடத்தைத் தள்ளிப்போட்டுச் சுழலைச் சிறிதாக்குகிறது. அடிப்பாகத்தை மூடும் தகடு, தட்டையான சக்கர மூடி, தேவைப்படும்போது மட்டும் திறக்கும் முன்கிரில் எல்லாம் அந்த வகை. இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் கிரெட்டா மின்காரில் கடைசியாகச் சொன்ன, திறந்து மூடும் கிரில் மடல்கள் உண்டு. வீட்டில் அட்டையை வைத்துக் கிரில்லை அடைப்பவர்கள் சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதிப்பதையும் யோசிக்க வேண்டும். பின்னால் நீண்ட வால் பொருத்தினாலோ, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். ஆர்டிஓ குணகம் கேட்கமாட்டார். யாருடைய அனுமதியும் வேண்டாத ஒரே வேலை, கல்யாண ஜவுளி எடுக்க வந்தபோது கட்டிய கூரைக் கேரியரைக் கழற்றி வைப்பது. வெறும் கேரியரும் காற்றைக் கிழித்துத் தின்னும்.

இந்தப் பாதையில் எவ்வளவு தூரம் போகலாம்? இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் 2018 டிசம்பரில் ஷெல் நிறுவனத்தின் எரிபொருள் சிக்கனப் போட்டி நடந்தது. மாணவர்கள் ஓட்டியவற்றில் பல, ஒருவர் படுத்தபடி செல்லும் நீர்த்துளி வண்டிகள். அந்த வகையில் சூரிச் மாணவர்களின் பாக்-கார் 2, 2005-இல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடான ஆற்றலில் 5,385 கிலோமீட்டர் போனது. அதன் குணகம் 0.075. மாமியாரை ஏற்றிக்கொண்டு போக இடமில்லை என்பது வேறு விஷயம்.

நம் சின்ன காருக்குக் குணகம் 0.34, முகப்புப் பரப்பு 2.1 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் காற்றைத் தள்ள முக்கால் குதிரைத்திறன் போதும். 80-இல் 6 வேண்டும், 100-இல் ஏறத்தாழ 12. வேகம் இரட்டித்தால் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. ஊருக்குள் டயரின் உருளல் தடைதான் பெரியது. 60-ஐ ஒட்டிக் காற்று அதை முந்துகிறது.

ஆடி மாதம் மேற்கே பெங்களூரை நோக்கி 80-இல் போகும்போது 20 கி.மீ. எதிர்க்காற்று வீசினால், 6 குதிரைத்திறன் 9.4 ஆகிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், 3.4 போதும். போகையில் கூடியது 3.4, வருகையில் குறைந்தது 2.6. காற்று வாங்கிய கடனை முழுதாகத் திருப்புவதில்லை.