'அப்பா வரட்டும், சொல்லுதேன்': மிரட்டினால் குழந்தையின் அடம் குறையுமா? கடலோரப் பெற்றோர் கவனத்துக்கு!

"இரு... அப்பா கரைக்கு வரட்டும், சொல்லுதேன்!" தூத்துக்குடி கடலோரத்தில் அடம்பிடிக்கும் பிள்ளையை அடக்க அம்மாக்கள் எடுக்கும் ஆயுதங்களில் இதுவும் ஒன்று. பிள்ளை அந்த நேரம் கப்சிப் ஆகிவிடும். ஆனால் கோபத்தைக் கையாளக் கற்றுக்கொள்ளுமா என்றால், இல்லை. கற்றுக்கொள்வது பயத்தை மட்டும்தான். கூடவே, நாள் முழுக்க கடலில் பாடுபட்டு வரும் அப்பாவும் அதன் மனதில் போலீஸ்காரர் ஆகிவிடுகிறார்.

இங்கே என்ன சிக்கல்?

காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்புவது தூத்துக்குடி விசைப்படகுகளின் நடைமுறை. அப்பா கிளம்பும்போதும் பிள்ளை தூக்கம், வரும்போதும் தூக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலத்திலோ நிலைமை தலைகீழ். அப்பா வீட்டிலேயே இருப்பார், கையில் பணம் இருக்காது. அம்மா 'கூடாது' என்றதை அப்பா பாசத்தில் கொடுத்துவிட்டால், எது விதி என்று பிள்ளைக்குப் புரியாது.

சுயக்கட்டுப்பாடு ஏன் முக்கியம்?

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். சிறுவயதில் சுயக்கட்டுப்பாடு அதிகம் இருந்தவர்கள், 32 வயதில் உடல்நலத்திலும் பண விஷயத்திலும் மேலான நிலையில் இருந்ததாக 2011-ல் வெளியான முடிவு சொன்னது. வளர வளர அதை மேம்படுத்திக்கொண்டவர்களும் நன்றாகவே இருந்தார்கள். அதாவது, இது பிறவிக் குணம் மட்டும் அல்ல, பழக்கியும் கொண்டுவரலாம்.

வாக்கு தவறினால் பொறுமை போகும்

2013-ல் வெளியான அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 28 சிறுவர்களிடம் நல்ல வரைபொருட்கள் தருவதாகச் சொன்னார்கள். பாதிப் பேருக்குத் தந்தார்கள். மீதிப் பேரிடம் 'இல்லை' என்று கைவிரித்தார்கள். பிறகு ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, "15 நிமிடம் சாப்பிடாமல் இருந்தால் இன்னொன்று தருவோம்" என்றார்கள். வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாந்தவர்கள் தாக்குப்பிடித்தது 3 நிமிடம்தான்!

சொன்னது கிடைக்காது என்று தெரிந்த பிள்ளை ஏன் பொறுமையாக இருக்க வேண்டும்? மீன்பாட்டை நம்பி வாழும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். கடல் என்ன தரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் 'அடுத்த வாரம் சைக்கிள்' என்பதைவிட, 'ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மக்ரூன்' என்று சொல்லி, மறக்காமல் வாங்கிக் கொடுப்பது மேல்.

என்ன செய்யலாம்?

1. முதலில் நீங்கள் அமைதியாகுங்கள்: தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அதில் குளியாளி மூழ்கும்போது, படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அவர் பதறினால் கீழே இருப்பவருக்கு ஆபத்து. கோபத்தில் மூழ்கிய பிள்ளைக்கு நீங்கள்தான் அந்தக் கயிறு. குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் உட்காருங்கள்.

2. உணர்வுக்குப் பெயர் கொடுங்கள்: "அழாதே" என்பதற்குப் பதில், "அப்பாவைத் தேடுதா? அதான் கோவமா?" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் அடிக்கும் அவசியம் குறையும்.

3. உணர்வுக்கு அனுமதி, செயலுக்கு எல்லை: "கோபப்படலாம், தம்பியை அடிக்கக் கூடாது." இதை அம்மா, அப்பா, ஆச்சி மூவரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும்.

4. அழுகையை நிறுத்த செல்போன் வேண்டாம்: 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை அமைதிப்படுத்த அடிக்கடி செல்போன் கொடுப்பதற்கும், உணர்ச்சி வேகம் கூடுவதற்கும் தொடர்பு இருப்பதை 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. குறிப்பாக ஆண் பிள்ளைகளிடம்.

5. தடைக்காலத்தைப் பயன்படுத்துங்கள்: அப்பா வலை பின்னும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைக்கலாம். சிக்கலை இழுக்காமல் மெதுவாக எடுப்பதே நல்ல பொறுமைப் பயிற்சி.

எப்போது உதவி தேவை?

அடம்பிடிப்பது 2, 3 வயதில் சகஜம். ஆனால் பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, தூக்கம், சாப்பாடு, பள்ளி எல்லாம் கெட்டாலோ தாமதிக்க வேண்டாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098.

இன்றைக்கே தொடங்க வேண்டுமா? 'அப்பா வரட்டும், சொல்லுதேன்' என்பதை, 'அப்பா வந்ததும் நீ இன்னைக்குப் பொறுமையா இருந்ததைச் சொல்லுதேன்' என்று மாற்றிப் பாருங்கள்.